7-ஜிப் நிரலில் சுருக்கக் கோப்புகளைப் பிழையின்றிக் கையாளும் முறை

பல கோப்புகளை ஒன்றாகக் கட்டி, அளவைக் குறைத்து, ஒரே கோப்பாகச் சேமிக்கவும் அனுப்பவும் விண்டோஸ் கணினிகளில் நெடுங்காலமாகப் பயன்பட்டுவரும் நிரல் 7-ஜிப். இகோர் பாவ்லோவ் 1999இல் வெளியிட்ட இந்நிரலை வீட்டிலும் அலுவலகத்திலும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். ஜிப், 7இசட், டார் வகைக் கோப்புகளை இது உருவாக்கவும் பிரிக்கவும் செய்யும். ரார் வகையைப் பிரிக்க மட்டும் செய்யும். விண்டோஸ் 11 இப்போது ரார், 7இசட் கோப்புகளைத் தானே திறக்கிறது என்றாலும், வலுவான கடவுச்சொல் இடுவதற்கும், பெரிய கோப்பைத் துண்டுகளாக்குவதற்கும், உள்ளே இருப்பவை பழுதடையாமல் இருக்கின்றனவா என்று சோதிப்பதற்கும் 7-ஜிப் போன்ற ஒரு நிரல் தேவைப்படுகிறது.

சுருக்கக் கோப்பு என்றாலே அது எவ்வளவு சிறுத்தது என்றுதான் பலரும் பார்க்கிறார்கள். பெறுபவரின் கணினியில் அது சிக்கலின்றித் திறக்கிறதா, சில ஆண்டுகள் கழித்து நாமே எடுக்கும்போது முழுமையாக இருக்கிறதா என்பவை அளவைவிட முக்கியமானவை. கீழே சொல்லும் அமைப்புகள் அனைத்தையும் அந்த நோக்கிலேயே தேர்ந்திருக்கிறேன்.

நிறுவும்போது

நிரலை 7-ஜிப் டாட் ஆர்க் என்ற அதிகாரபூர்வ முகவரியிலிருந்து மட்டுமே பதிவிறக்க வேண்டும். இது தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்ளாத நிரல் என்பதால், ஐந்தாறு ஆண்டுகளுக்கு முன் நிறுவிய பதிப்பே பல கணினிகளில் இன்னும் இயங்கிக்கொண்டிருக்கிறது. ஹெல்ப் பட்டியலில் உள்ள அபவுட் 7-ஜிப் என்பதைச் சொடுக்கினால் பதிப்பு எண் தெரியும். அது 24.09க்கு முந்தையதாக இருந்தால் உடனே புதிய பதிப்பை நிறுவுங்கள். இணையத்திலிருந்து வந்த கோப்புகளின் மேல் விண்டோஸ் இடும் எச்சரிக்கைக் குறி, சுருக்கக் கோப்புக்குள் இன்னொரு சுருக்கக் கோப்பை வைத்து அனுப்பினால் தொலைந்துபோகும் குறை பழைய பதிப்புகளில் இருந்தது. 2024 நவம்பரில் வந்த 24.09 பதிப்பு அதைச் சரிசெய்தது. புதிய பதிப்பிலும் அந்தக் குறி உள்ளே இருக்கும் கோப்புகளுக்குப் போய்ச்சேர, டூல்ஸ் பட்டியலில் ஆப்ஷன்ஸைத் திறந்து, 7-ஜிப் என்ற பக்கத்தில், ப்ராபகேட் ஸோன் ஐடி ஸ்ட்ரீம் என்பதற்கு யெஸ் என்று அமைக்க வேண்டும். இது தொடக்கத்தில் அணைந்தே இருக்கும். அதே ஆப்ஷன்ஸில் லாங்குவேஜ் பக்கத்தில் தமிழையும் தேர்ந்தெடுக்கலாம். எனினும் பெரும்பாலோரின் திரையில் ஆங்கிலப் பட்டியலே இருக்கும் என்பதால் அந்தப் பெயர்களையே இங்கே பயன்படுத்துகிறேன்.

பிரித்தெடுத்தல்

கோப்பின் மேல் வலச்சொடுக்கினால் 7-ஜிப் பட்டியல் வரும். விண்டோஸ் 11இல் அது தென்படாவிட்டால், ஷிஃப்ட் விசையை அழுத்தியபடி வலச்சொடுக்கினால் முழுப் பட்டியலும் விரியும். அதில் எக்ஸ்ட்ராக்ட் ஹியர் என்பது உள்ளிருக்கும் அனைத்தையும் நீங்கள் இருக்கும் இடத்திலேயே கொட்டிவிடும். நானூறு படங்கள் கொண்ட கோப்பை டவுன்லோட்ஸ் கோப்புறையில் இப்படிப் பிரித்தால், ஏற்கெனவே அங்கிருந்தவற்றோடு அவை கலந்து, எது எங்கிருந்து வந்தது என்று பிரிக்கவே முடியாமல் போகும். அதற்குக் கீழே உள்ள எக்ஸ்ட்ராக்ட் டு என்பது சுருக்கக் கோப்பின் பெயரிலேயே தனிக் கோப்புறை அமைத்து அதற்குள் பிரிக்கும். பழக்கமாகக் கொள்ள வேண்டியது இதையே.

அதே பெயரில் ஒரு கோப்பு முன்பே இருந்தால், பழையது, புதியது இரண்டின் அளவையும் தேதியையும் காட்டி, மாற்றட்டுமா என்று நிரல் கேட்கும். அவசரத்தில் யெஸ் டு ஆல் அழுத்துவது, நீங்கள் திருத்தி வைத்த நகலின் மேல் திருத்தாத நகலை எழுதிவிடக்கூடும். ஐயம் இருந்தால் ஆட்டோ ரீநேம் அழுத்துங்கள். இரண்டும் இருக்கட்டும், பிறகு ஒப்பிட்டுக்கொள்ளலாம். லினக்ஸ் கணினிகளிலிருந்து வரும் டார் ஜீஇசட் கோப்பு இரண்டு அடுக்கு கொண்டது: முதலில் பிரித்தால் ஒரு டார் கோப்பு கிடைக்கும்; அதை மறுபடி பிரித்தால்தான் உள்ளடக்கம் வெளிவரும்.

பிரிக்காமல் உள்ளே மட்டும் பார்க்க வேண்டுமானால் ஓப்பன் ஆர்க்கைவ் என்பதைச் சொடுக்கலாம். அறிமுகமில்லாதவரிடமிருந்து வந்த கோப்பை எப்போதும் இப்படித்தான் முதலில் பார்க்க வேண்டும். ‘பில்’ என்று பெயரிட்டு வந்ததற்குள் இயங்கு கோப்பு (சொடுக்கினால் நிரலாக ஓடுவது) ஒன்று இருந்தால் அதைத் தொடாமலே அழித்துவிடலாம். இந்தச் சாளரத்திலிருந்தே உள்ளிருக்கும் ஆவணத்தை இருமுறை சொடுக்கித் திறக்கவும் முடியும். பலர் தங்கள் உழைப்பை இழப்பது இங்கேதான். அப்படித் திறக்கும்போது 7-ஜிப் அந்த ஒரு கோப்பை மட்டும் தற்காலிகக் கோப்புறை ஒன்றில் பிரித்து, வேர்டு அல்லது எக்செலிடம் கொடுக்கிறது. நீங்கள் திருத்திச் சேமித்து அந்தச் செயலியை மூடிய பின், கோப்பு மாறியிருக்கிறது, சுருக்கக் கோப்பிலும் மாற்றட்டுமா என்று 7-ஜிப் கேட்கும். ஓகே சொன்னால் மட்டுமே மாற்றம் உள்ளே போகும். இடையில் 7-ஜிப் சாளரத்தை மூடிவிட்டால் அந்தக் கேள்வி வராது. திருத்தம் தற்காலிகக் கோப்புறையோடு போய்விடும். ஆகவே படிப்பதற்கு இருமுறை சொடுக்கலாம்; எழுதுவதாக இருந்தால் முதலில் வெளியே பிரித்தெடுத்துக்கொள்ளுங்கள்.

வேர்டின் புதிய வகை ஆவணங்களும் ஈபப் வகை மின்னூல்களும் உண்மையில் ஜிப் அமைப்பில் உள்ளவையே. ஒரு வேர்டு ஆவணத்தின் மேல் வலச்சொடுக்கி ஓப்பன் ஆர்க்கைவ் கொடுத்தால், உள்ளே வேர்டு என்ற கோப்புறையும் அதற்குள் மீடியா என்ற கோப்புறையும் இருக்கும். ஆவணத்தில் செருகிய படங்கள் அனைத்தும் தனித்தனிக் கோப்புகளாக அங்கே கிடைக்கும். ஒவ்வொன்றாக வெட்டி ஒட்டத் தேவையில்லை.

புதிதாக உருவாக்குதல்

ஆண்டுக் கணக்கைத் தணிக்கையாளருக்கு அனுப்பவிருக்கும் ஒரு சிறு கடையை எடுத்துக்கொள்வோம். கோப்புறையில் எக்செல் தாள்களும், வங்கி அறிக்கைகளின் பிடிஎஃப்களும், ரசீதுகளை ஸ்கேன் செய்த ஜேபெக் படங்களும் இருக்கின்றன. கோப்புறையின் மேல் வலச்சொடுக்கி ஆட் டு ஆர்க்கைவ் என்பதைத் தேர்ந்தால் பல கட்டங்கள் கொண்ட சாளரம் ஒன்று திறக்கும். அவற்றில் பெரும்பாலானவற்றைத் தொட வேண்டியதில்லை.

முதல் முடிவு ஆர்க்கைவ் ஃபார்மட். பெறுபவரிடம் என்ன நிரல் இருக்கிறது என்று தெரியாவிட்டால் ஜிப்பையே தேர்ந்தெடுங்கள்; 1989 முதல் புழக்கத்தில் இருக்கும் அந்த வகையைக் கைப்பேசி உட்பட ஏறத்தாழ எல்லாக் கருவிகளும் திறக்கும். 7இசட் வகை பொதுவாக இன்னும் சிறியதாகச் சுருக்கும். ஒரே மாதிரியான பல கோப்புகளைத் தொடர்ச்சியான ஒரே தொகுதியாகப் பார்த்துச் சுருக்குவதே அதற்கு ஒரு காரணம். அதற்கு விலையும் உண்டு: தொகுதியின் நடுவிலுள்ள ஒரு கோப்பை எடுக்க அதற்கு முன்னுள்ளவற்றையும் பிரித்தாக வேண்டும்; ஓரிடத்தில் பழுது ஏற்பட்டால் அதே தொகுதியில் பின்னால் உள்ளவையும் கெடக்கூடும். பல ஆண்டுகள் வைத்திருக்க வேண்டிய ஆவணங்களுக்கு சாலிட் பிளாக் சைஸ் என்ற கட்டத்தில் நான்-சாலிட் என்று அமைப்பதை நான் பரிந்துரைப்பேன். அளவு சற்றுக் கூடும். ஆனால் ஒரு கோப்பின் பழுது அடுத்ததைத் தொடாது.

கம்ப்ரஷன் லெவல் நார்மலாகவே இருக்கட்டும். அல்ட்ரா என்று உயர்த்தினால் நேரமும் நினைவகமும் பெருமளவு செலவாகும். கிடைக்கும் லாபம் பெரும்பாலும் சொற்பம். எவ்வளவு நினைவகம் தேவைப்படும் என்பதைச் சுருக்குவதற்கும் பிரிப்பதற்கும் தனித்தனியே அந்தச் சாளரமே காட்டுகிறது. பிரிக்கும் அளவைப் பார்த்துக்கொள்வது, பழைய கணினி வைத்திருக்கும் பெறுநருக்கு நாம் செய்யும் உதவி. ஜேபெக் படங்களும் எம்பி4 காணொளிகளும் ஏற்கெனவே சுருக்கப்பட்டவை. மறுபடி சுருக்கினாலும் அவை குறையா. அவை மட்டுமே உள்ள கோப்புறைக்கு ஸ்டோர் என்ற நிலையே போதும். சில நொடிகளில் முடிந்துவிடும்.

கணக்கு விவரம் என்பதால் கடவுச்சொல் தேவை. ஜிப் வகையில் என்கிரிப்ஷன் மெத்தட் கட்டத்தில் ஜிப்கிரிப்டோ முன்கூட்டியே தேர்வாகியிருக்கும். அது பலவீனமான முறை. அதை உடைக்கும் வழியை பிகாம், கோச்சர் என்ற ஆய்வாளர்கள் 1994இலேயே விளக்கிவிட்டார்கள். ஏஇஎஸ்-256 என்ற வலுவான முறைக்கு மாற்றிவிடுங்கள். அப்படி மாற்றிய ஜிப்பை விண்டோஸின் உள்ளமைந்த வசதி திறக்காமல் போகலாம் என்பதால், பெறுபவரிடம் 7-ஜிப் இருக்க வேண்டும் என்று முன்பே சொல்லிவிட வேண்டும். ஜிப்பில் கடவுச்சொல் இட்டாலும் உள்ளிருக்கும் கோப்புகளின் பெயர்கள் எல்லோருக்கும் தெரியும். ‘வங்கிக் கடன் நிலுவை’ என்ற பெயரே ஒரு செய்திதான். பெயர்களையும் மறைக்க வேண்டுமானால் 7இசட் வகையைத் தேர்ந்து என்கிரிப்ட் ஃபைல் நேம்ஸ் என்பதைக் குறியிட வேண்டும். கடவுச்சொல்லை அதே மின்னஞ்சலில் எழுதாமல் தொலைபேசியில் சொல்லுங்கள். ஏஇஎஸ் முறையில் பூட்டியதன் கடவுச்சொல் மறந்துபோனால் மீட்டுத்தர யாராலும் இயலாது என்பதால், அதை எழுதிப் பத்திரமான இடத்தில் வைப்பதும் இந்த வேலையில் அடங்கியதே.

அளவு பெரிதாக இருந்தால் ஸ்ப்ளிட் டு வால்யூம்ஸ் கட்டம் உதவும். ஜிமெயிலில் இணைப்பின் உச்சவரம்பு 25 எம்பி. மின்னஞ்சலில் போகும்போது இணைப்பு உருமாற்றப்பட்டு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பருக்கும் என்பதால், துண்டின் அளவை 15 எம்பி என்று அமைத்து, ஒரு மடலுக்கு ஒரு துண்டாக அனுப்புவது பாதுகாப்பானது. துண்டுகள் 001, 002 என்று முடியும். பெறுபவர் அனைத்தையும் ஒரே கோப்புறையில் வைத்து, பெயரை மாற்றாமல், 001ஐ மட்டும் திறந்தால் போதும். ஒரு துண்டு குறைந்தாலும் முழுமையாகப் பிரிக்க முடியாது. பழைய பென் டிரைவுகளில் உள்ள ஃபேட்32 அமைப்பு 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பை ஏற்காது. அதற்கான அளவு அதே கட்டத்தின் பட்டியலில் தயாராக இருக்கிறது.

தமிழ்க் கோப்புப் பெயர்களைப் பொறுத்தவரை, 7-ஜிப் அவற்றை யுனிகோடு முறையில் எழுதுகிறது. பழைய நிரல்களில் உருவாக்கிய ஜிப்பில் பெயர்கள் கேள்விக்குறிகளாகத் தெரிந்தால், உருவாக்கும்போதே பெயர் அழிந்துவிட்டது என்று பொருள். மூலக் கோப்புகளிலிருந்து மறுபடி உருவாக்குவதே வழி.

சோதித்துப் பார்த்தல்

டெலீட் ஃபைல்ஸ் ஆஃப்டர் கம்ப்ரஷன் என்ற குறியை ஒருபோதும் இடாதீர்கள். சுருக்கி முடித்ததும், உருவான கோப்பின் மேல் வலச்சொடுக்கி டெஸ்ட் ஆர்க்கைவ் கொடுங்கள். நிரல் ஒவ்வொரு கோப்பையும் உள்ளுக்குள் பிரித்துப் பார்த்து, சுருக்கும்போது பதிந்துவைத்த சரிபார்ப்பு எண்ணோடு ஒப்பிடும். பிழை ஏதுமில்லை என்று வந்த பிறகே மூலத்தை அழிப்பதைப் பற்றி யோசிக்க வேண்டும். பென் டிரைவுக்கோ வெளிவன்தட்டுக்கோ நகலெடுத்தால், அங்கே உள்ள நகலையும் சோதியுங்கள். நகலெடுக்கும்போதும் பழுது ஏற்படலாம்.

சோதனையில் வரும் செய்திகளுக்குத் தெளிவான பொருள் உண்டு. அன்எக்ஸ்பெக்டட் எண்ட் ஆஃப் டேட்டா என்றால் பதிவிறக்கம் பாதியில் நின்றிருக்கிறது; மறுபடி பதிவிறக்குங்கள். சிஆர்சி ஃபெயில்ட் என்றால் அந்தச் சரிபார்ப்பு எண் பொருந்தவில்லை, உள்ளடக்கம் மாறியிருக்கிறது. அதோடு ராங் பாஸ்வர்டு என்ற கேள்வியும் சேர்ந்து வந்தால், முதலில் கடவுச்சொல்லின் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டைப் பாருங்கள். கோப்பைச் சுருக்கக் கோப்பாகத் திறக்கவே முடியவில்லை என்று வந்தால், பெரும்பாலும் கோப்புக்குப் பதிலாக ஒரு வலைப்பக்கம் அதே பெயரில் சேமிக்கப்பட்டிருக்கும். நோட்பேடில் திறந்து பார்த்தாலே அது தெரிந்துவிடும்.