சமையலறையில் சேர்ந்துபோன நினைவுப் பொருள்கள்: குறைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அலமாரியைத் திறந்தால் முன்வரிசையில் நிற்பவை தினமும் புழங்கும் பாத்திரங்களாக இருக்காது. எப்போதோ போன சுற்றுலாவில் வாங்கிய கோப்பைகள், ஊர்ப்பெயர் பொறித்த தட்டு, யாரோ பரிசாகக் கொடுத்த ஸ்பூன்கள், மூடி தொலைந்துபோன உப்புக் குப்பி. அன்றாடம் தேவைப்படும் பாத்திரத்தை எடுக்க இவற்றை நகர்த்தி நகர்த்திக் கை வலிக்கும். எடுத்து ஒழுங்குபடுத்தலாம் என்று வாயைத் திறந்தால், வீட்டில் ஒருவர் உடனே "அதைத் தொடாதே" என்பார்.

இந்த இடத்தில் நடக்கும் தவறுகளில் மிகப் பெரியது, அவர் வீட்டில் இல்லாத நேரம் பார்த்து எடுத்துக் கொடுத்துவிடுவது. நானே செய்திருக்கிறேன். என் தங்கை பள்ளிச் சுற்றுலாவில் வாங்கிய ஒரு நீலக் கோப்பை. விளிம்பில் சின்ன உடைசல், படம் பாதி அழிந்துவிட்டது, யாரும் அதில் குடித்துப் பல வருடம். பழைய சாமான்களோடு சேர்த்து அனுப்பிவிட்டேன். இரண்டு மாதம் கழித்து வந்தவள் அலமாரியைத் திறந்ததும் கேட்ட முதல் கேள்வி, "அக்கா, அந்த நீலக் கோப்பை எங்கே?" அவள் சண்டை போடவில்லை. ஆனால் அன்றிலிருந்து நான் எதைத் தொட்டாலும், "அது இருக்கட்டும்" என்றுதான் சொன்னாள். அவளுக்கு ஒட்டுதலே இல்லாத பொருள்களைக்கூட விடவில்லை. ஒரு கோப்பையின் இடம் மிச்சமானது. அதற்குப் பதிலாக, மற்ற எல்லாவற்றையும் பற்றிப் பேசும் வாய்ப்பு ஒரு வருடத்துக்குப் போய்விட்டது. தெரியாமல் எடுத்தால் அவருக்குத் தெரியவே வராது என்று நினைக்காதீர்கள். புழங்காத பொருளையும் மனிதர்கள் கண்ணால் எண்ணிவைத்திருப்பார்கள்.

அடுத்தது, பயன்பாட்டை வைத்து வாதாடுவது. "இதைக் கடைசியாக எப்போது எடுத்தாய்?" என்ற கேள்வி வாணலிக்கும் மிக்ஸிக்கும் பொருந்தும். நினைவுப் பொருளுக்குப் பொருந்தாது, ஏனென்றால் அதை வைத்திருப்பவர் பயனுக்காக வைத்திருக்கவில்லை. உங்கள் வாதம் எவ்வளவு சரியாக இருக்கிறதோ அவ்வளவு இறுக்கமாக அவர் பிடித்துக்கொள்வார்.

இதைப் புரிந்துகொள்ள ஒரு பரிசோதனை உதவும், அதுவும் கோப்பைகளை வைத்தே செய்தது. உளவியலாளர் டேனியல் கானமன், பொருளாதார அறிஞர்கள் ஜாக் நெட்ச், ரிச்சர்ட் தாலர் ஆகியோர் 1990-இல் வெளியிட்ட ஆய்வு அது. மாணவர்களில் பாதிப் பேருக்கு ஆளுக்கொரு கோப்பையைக் கொடுத்துவிட்டு, எந்த விலைக்கு விற்பீர்கள் என்று கேட்டார்கள். கிடைக்காதவர்களிடம், எந்த விலைக்கு வாங்குவீர்கள் என்று கேட்டார்கள். கையில் கோப்பை இருந்தவர்கள் கேட்ட விலை, வாங்குபவர்கள் சொன்னதைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. அந்தக் கோப்பைக்குப் பின்னால் எந்தக் கதையும் கிடையாது, கைக்கு வந்து சில நிமிடங்கள்தான் ஆகியிருந்தன. அப்படியென்றால் இருபது வருடம் கண்முன் நின்ற ஒன்றை விடச் சொல்லும்போது, எதிரில் இருப்பவர் பிடிவாதம் பிடிக்கிறார் என்று நினைப்பது நியாயமில்லை. உங்களுக்குத் தெரியும் பொருளும் அவருக்குத் தெரியும் பொருளும் ஒன்றல்ல.

வாதத்துக்குப் பதில் கதையைக் கேளுங்கள். "இது எங்கே வாங்கியது, யாரெல்லாம் கூட வந்தார்கள்?" உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்று கேட்க வேண்டும், தந்திரமாக இல்லை. பேசப் பேச அவரே தரம் பிரிப்பார். சிலவற்றைப் பற்றிப் பத்து நிமிடம் பேசுவார், சிலவற்றைப் புரட்டிப் பார்த்து, "இது எப்படி வந்தது என்றே ஞாபகம் இல்லை" என்பார். "எதை விடலாம்?" என்று கேட்பதைவிட, "உனக்கு ரொம்பப் பிடித்த ஐந்து எது?" என்று கேட்பது எளிது. முதல் கேள்வி ஒவ்வொரு பொருளையும் இழப்பாக்குகிறது.

போட்டோ எடுத்துவைப்பது பலர் சொல்லும் யோசனை, அதில் விஷயம் இருக்கிறது. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழக விடுதிகளில் நடந்து 2017-இல் வெளியான ஒரு ஆய்வில், நினைவுப் பொருளைப் போட்டோ எடுத்துவிட்டுக் கொடுக்கச் சொன்ன விடுதிகளில் 613 பொருள்கள் வந்தன. வெறுமனே கொடுக்கச் சொன்னவற்றில் 533. ஆனால் அந்த மாணவர்கள் தாங்களாக எடுத்தார்கள். நீங்கள் போட்டோ எடுத்துக் கையில் கொடுத்து, "இனி இது எதற்கு?" என்றால் அது வேறு கதை. கேமரா பொருளின் சொந்தக்காரர் கையில் இருக்கட்டும்.

எல்லாவற்றையும் அட்டைப்பெட்டியில் கட்டிப் பரணில் போடுவது முடிவு போலத் தோன்றும். தள்ளிப்போடுவதற்குத்தான் உதவும். பெட்டியின் மேல் யாருடையது, எந்த மாதம் திறந்து பார்ப்போம் என்று அவர் கையாலேயே எழுதிவைத்தால் மட்டும் அதற்குப் பொருள் உண்டு.

வேறு வீட்டுக்குப் போய்விட்ட பிள்ளைகளோ உடன்பிறந்தவர்களோ "தூக்கிப் போடாதே" என்று சொல்வதையும் யோசிக்க வேண்டும். வைத்திருக்கும் ஆசை அவர்களுடையது. தூசி துடைக்கும் வேலை உங்களுடையது. இது சரியில்லை என்று மென்மையாகச் சொல்லலாம். "அடுத்த முறை வரும்போது எடுத்துக்கொள், அதுவரை பத்திரமாக வைக்கிறேன்" என்று ஒரு நாளையும் சேர்த்துச் சொல்லுங்கள். இறந்துபோனவரின் பொருள்கள் என்றால் மட்டும் நாள் குறிக்க வேண்டாம். துக்கம் புதிதாக இருக்கும்போது எடுத்த முடிவுகளைத் திரும்பப் பெற முடியாது.

விட்டுக்கொடுக்கக் கூடாத ஒன்றும் இருக்கிறது. சமாதானத்துக்காக, "சரி, இதையும் புழக்கத்தில் வைத்துக்கொள்வோம்" என்று அலங்காரத் தட்டில் சாப்பாடு பரிமாறுவது ஆபத்தான தவறு. பழைய பீங்கானின் மெருகிலும், மேலே தீட்டிய வண்ணத்திலும் ஈயம், காட்மியம் ஆகிய நச்சு உலோகங்கள் இருக்கலாம். புளிப்பான உணவும் சூடான பானமும் அவற்றைக் கரைத்து எடுக்கும். இன்றைய ஐரோப்பிய ஒன்றியத்தின் முன்னோடியான ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகம் 1984-இல் கொண்டுவந்த விதியின்படி, பீங்கான் பாத்திரத்தில் வினிகரில் இருக்கும் அசிட்டிக் அமிலத்தை 4 சதவீத அளவில் 24 மணி நேரம் ஊற்றிவைத்துச் சோதிக்கிறார்கள். கோப்பை போன்றவற்றில் லிட்டருக்கு 4 மில்லிகிராமுக்கு மேல் ஈயமோ 0.3 மில்லிகிராமுக்கு மேல் காட்மியமோ இறங்கக் கூடாது. வீட்டில் கண்ணால் பார்த்து இதைச் சொல்ல முடியாது. அடியில் "அலங்காரத்துக்கு மட்டும்" என்று எழுதியிருந்தாலும், மெருகில் மயிரிழை விரிசல் ஓடியிருந்தாலும், வண்ணம் உரிந்து வந்தாலும் அதில் சாப்பிட வேண்டாம். தங்க விளிம்பு வைத்ததை மைக்ரோவேவில் வைத்தால் தீப்பொறி பறக்கும். இவற்றைத் தூக்கி எறிய வேண்டும் என்பதில்லை, சுவரில் மாட்டலாம், கண்ணாடி அலமாரியில் வைக்கலாம். சந்தேகமான தட்டை மட்டும் இன்னொருவர் சமையலறைக்குத் தானமாக அனுப்பாதீர்கள்.

உடைந்த கோப்பையைக் கண்ணாடி பாட்டில்களோடு மறுசுழற்சியில் போடுவதும் தவறு. பாட்டில் கண்ணாடி உருகும் சூட்டில் பீங்கான் உருகாது, புதுக் கண்ணாடியில் துண்டாகத் தங்கிவிடும். தாளில் சுற்றித் தனியாகப் போடுங்கள்.

தங்கையிடம் மன்னிப்புக் கேட்டபின் நான் அந்த அலமாரியைத் தொடவில்லை. ஒரு வருடம் கழித்து ஒரு மத்தியானம் அவளே பதினொரு கோப்பைகளையும் மேஜையில் பரப்பினாள். நான்கை எடுத்துத் தனியே வைத்து, ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினாள். நான் வீணென்று நினைத்திருந்த பச்சைக் கோப்பையில்தான், பரீட்சைக்குப் படித்த இரவுகளில் அம்மா அவளுக்குப் பால் ஆற்றிக் கொடுத்தாராம். அந்த வீட்டிலேயே வளர்ந்த எனக்கு அது தெரிந்திருக்கவில்லை.