சேலத்தில் இலவசத் தொழிற்பயிற்சி வகுப்பு: முதல் மூன்று ஆண்டுப் பணத்துக்கு வழி

கிச்சிப்பாளையம், பள்ளப்பட்டி, தாதகாப்பட்டிப் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் காசு வாங்காமல் தொழில் கற்றுத்தர வேண்டும் என்று கிளம்புகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "எந்தக் கம்பெனியிடம் சிஎஸ்ஆர் பணம் கிடைக்கும்?" என்பதைத்தான். (பெரிய நிறுவனங்கள் லாபத்தில் ஒரு பங்கைச் சமூகப் பணிக்கு ஒதுக்குவதுதான் சிஎஸ்ஆர்.) நானும் அப்படித்தான் கிளம்பினேன். பதினான்கு பக்கத் திட்ட அறிக்கையை ஸ்பைரல் பைண்டிங் போட்டு எடுத்துக்கொண்டு ஒரு பெரிய நிறுவனத்துக்குப் போனேன். அங்கிருந்தவர் அட்டையைக்கூடத் திருப்பவில்லை. "அமைப்பு தொடங்கி எத்தனை வருடம் ஆகிறது?" என்றார். ஏழு மாதம் என்றேன். டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டார்.

அவர் மேல் தப்பில்லை. நிறுவனத்தோடு தொடர்பில்லாத ஓர் அமைப்பு சிஎஸ்ஆர் பணம் வாங்க வேண்டுமென்றால், அதே மாதிரி வேலையை மூன்று ஆண்டாவது செய்து காட்டியிருக்க வேண்டும் என்பது விதி. வெளிநாட்டு நன்கொடைக்கான பதிவுக்கும் பொதுவாக மூன்று ஆண்டு கேட்கிறார்கள். ஆகவே புதிதாகத் தொடங்குகிறவர் தேட வேண்டியது அந்த மூன்று ஆண்டை ஓட்டும் பணத்தை. அது பெரும்பாலும் நம் கடைவீதியிலேயே இருக்கிறது.

படி 1: வேலை கொடுப்பவரை முதலில் பாருங்கள்

என்ன கற்றுத்தருவது என்பதை நீங்கள் தீர்மானிக்காதீர்கள். ரெடிமேட் யூனிட், செவ்வாய்ப்பேட்டை, சிவதாபுரம் பக்கத்துக் கொலுசுப் பட்டறை, இருசக்கர வாகன ஒர்க்‌ஷாப், ஏசி பழுது பார்க்கும் கடை என்று பத்து இடங்களில் ஏறி இறங்குங்கள். "ஆள் வந்தால் முதல் நாள் என்ன வேலை கொடுப்பீர்கள்?" என்று மட்டும் கேளுங்கள்.

நாங்கள் இதைக் கேட்காமல் மிதி மெஷினில் ரவிக்கை தைக்கச் சொல்லிக்கொடுத்தோம். எங்கள் மாணவி ஒருத்தி யூனிட்டில் பவர் மெஷினில் உட்கார்ந்து காலை வைத்ததும் துணி சரசரவென்று ஓடி, தையல் கோணிக்கொண்டு போய்விட்டது. அவர்களுக்கு ரவிக்கை வேண்டாம். நேர்த்தையல் வேண்டும், அதுவும் வேகமாக. மூன்று மாத உழைப்பு அரை மணி நேரத்தில் வீணானதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

படி 2: ஓர் ஆளுக்கு எவ்வளவு?

கணக்குப் போடும் முறையைக் காட்ட ஓர் உதாரணம் சொல்கிறேன். எண்களை உங்கள் பகுதிக்குத் தக்கபடி மாற்றிக்கொள்ளுங்கள். இருபது பெண்கள், பத்துப் பத்துப் பேராகக் காலையும் மதியமும், மூன்று மாதம். வாடகை 24,000 ரூபாய். ஆசிரியர் சம்பளம் 54,000. துணி, நூல், மின்சாரம் 22,000. பழைய பவர் மெஷின் பத்து, 1,50,000. இத்தோடு நிறுத்திவிடுவார்கள். நிறுத்தினால் பத்தாவது நாள் வகுப்பில் ஏழு பேர்தான் இருப்பார்கள்.

விட்டுப்போனது கூலி. வீட்டில் உட்கார்ந்து கொலுசு வேலையோ வேறு கூலி வேலையோ செய்கிற பெண் வகுப்புக்கு வந்தால் அந்த நேரத்துக் காசு போகிறது. நாளுக்கு 100 ரூபாய் உதவித்தொகை என்று வைத்தாலும் அறுபது நாளைக்கு இருபது பேருக்கு 1,20,000 ஆகிறது. போக்குவரத்துக்குப் பெண்களுக்குச் செலவில்லை. 2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் கட்டணம் கிடையாது. மொத்தம் 3,70,000, ஆளுக்கு 18,500. மெஷின் கையில் இருப்பதால் அடுத்த அணிக்கு 11,000 போதும். இந்த இரண்டு எண்களையும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

(வகுப்பு நேரத்தைத் தண்ணீர் வரும் நேரத்தில் வைக்காதீர்கள். குழாயில் தண்ணீர் வரும் நாளில் எவ்வளவு நல்ல ஆசிரியர் இருந்தும் பயனில்லை.)

படி 3: காகித வேலை

அறக்கட்டளைப் பத்திரத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதியலாம்; அல்லது 1975ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்படி சங்கமாகப் பதியலாம். பிறகு அமைப்பின் பெயரில் பான் அட்டை, வங்கிக் கணக்கு, தொண்டு அமைப்புகளுக்கான நிதி ஆயோக்கின் தர்பன் தளத்தில் பதிவு, வருமான வரித் துறையில் 12ஏ (அமைப்பின் வருமானத்துக்கு வரி விலக்கு), 80ஜி (நன்கொடை தருபவருக்கு வரிச் சலுகை). புதிய வருமான வரிச் சட்டத்தில் பிரிவு எண்கள் மாறினாலும் ஆடிட்டரிடம் இந்தப் பெயர்களைச் சொன்னால் போதும். நல்ல ஆடிட்டர் ஒருவர் இருந்தால் இந்தப் படி தானாக நடக்கும்.

படி 4: கடைவீதியில் கேளுங்கள்

வியாபாரத்தில் ஒரு பங்கை மகமையாக ஒதுக்கிப் பள்ளிக்கூடமும் கோவிலும் நடத்திய வழக்கம் நம் வணிகர்களுக்குப் புதிதல்ல. அவர்களிடம் போய் "வகுப்பு நடத்துகிறோம், உதவுங்கள்" என்று பொதுவாகக் கேட்டால் ஐநூறு ரூபாய் வரும். "ஒரு பெண்ணின் மூன்று மாதப் படிப்பு 11,000 ரூபாய், நீங்கள் ஏற்றுக்கொள்ள முடியுமா?" என்று கேட்டுப் பாருங்கள். கல்லாவில் இருப்பவர் நிமிர்ந்து பார்ப்பார்.

ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் 80ஜி சலுகை கிடைக்காது. காசோலையாகவோ வங்கி வழியாகவோ வாங்குங்கள். பழைய வரி முறையில் இருப்பவருக்குத்தான் அந்தச் சலுகை என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

பொருளாகத் தருவதைத் தாராளமாக வாங்கலாம், ஓர் எச்சரிக்கையோடு. முதல் பெரிய நன்கொடை வந்ததும் நான் முழுவதையும் புது மெஷினில் போட்டேன். இரண்டு மாத வாடகை பாக்கி விழுந்தது. வீட்டுக்காரர் பூட்டுப் போட்டார், உள்ளே பளபளவென்று ஆறு மெஷின்கள். மெஷின் வாங்கித்தர ஆள் எளிதில் கிடைப்பார், தன் பெயரை எழுதி வைக்கலாம் அல்லவா? வாடகைக்குக் கொடுப்பவர் அரிது. வாடகைப் பணத்தை முதலில் சேருங்கள்.

ஆள் எடுக்கப்போகிற முதலாளியையும் விடாதீர்கள். தொழில் பழகுநராக (அப்ரென்டிஸ்) முறைப்படி சேர்த்துக்கொண்டால், தேசியத் தொழில் பழகுநர் ஊக்குவிப்புத் திட்டத்தில் அவர் தரும் உதவித்தொகையில் 25 விழுக்காட்டை, மாதம் 1,500 ரூபாய் வரை, மத்திய அரசு ஏற்கிறது. இதை எடுத்துச் சொல்லிப் பதிவும் செய்து கொடுத்தால் உங்கள் பேச்சுக்கு மதிப்புக் கூடும்.

படி 5: நோட்டுப் புத்தகம்

ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம். வருகை, சேர்ந்த வேலை, முதல் சம்பளம், மூன்றாம் மாதமும் ஆறாம் மாதமும் போனில் கேட்டது. வேலையை விட்டவர்களையும் எழுதுங்கள், காரணத்தோடு. மூன்றாம் ஆண்டு முடிவில் ஸ்பைரல் பைண்டிங் அறிக்கைக்குப் பதில் இதை எடுத்துக்கொண்டு போகலாம். கம்பெனிகள் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் தொழில் திறன் பயிற்சி இருக்கிறது. தான் இயங்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தரவும் சட்டம் சொல்கிறது. சேலம் உருக்காலையும் மேட்டூர்த் தொழிற்சாலைகளும் நமக்குப் பக்கம்தானே. போவதற்கு முன், சிஎஸ்ஆர் பணம் வாங்கும் அமைப்புகள் அரசிடம் செய்ய வேண்டிய சிஎஸ்ஆர்-1 பதிவை முடித்துவிடுங்கள்.

தமிழ்நாடு திறன் மேம்பாட்டுக் கழகத்தின் பயிற்சிகளை நடத்தவும் முயலலாம். அரசுப் பணம் தவணையாகத்தான் வரும்; மூன்று மாதச் செலவு கையில் இல்லாமல் இறங்காதீர்கள்.

கடைசியாக, சிங்கப்பூரில் இருக்கும் சித்தப்பா மகன். இந்தியக் குடிமகனாகவே இருந்து தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கியிருந்தால் ஆகும். வெளிநாட்டு நன்கொடைக்கான பதிவு இல்லாமல் அவரிடம் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. ரசீது போடும் முன் பாஸ்போர்ட் நகல் ஒன்றைக் கேட்டு வாங்கிக் கோப்பில் வையுங்கள்.