ஆங்கிலக் கதையைப் பாடமாக்கிக் கெடுக்காதீர்கள்

தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் படித்த யாருக்கும் ஆங்கிலத்தில் துணைப்பாடக் கதைகள் வரும் நான்-டீடெயில் பகுதி மறந்திருக்காது. கதையின் வரிகளைக் கலைத்துக் கொடுத்து வரிசைப்படுத்தச் சொல்வார்கள், குறிப்புகள் கொடுத்துப் பத்தியாக எழுதச் சொல்வார்கள். நோட்ஸை உருப்போட்டால் கதையைத் தொடாமலே மதிப்பெண் வாங்கிவிடலாம். ஆங்கிலம் வர வேண்டுமென்றால் 'அடுத்து என்ன ஆச்சு?' என்கிற தவிப்பு பிள்ளைக்கு இருக்க வேண்டும், அதை அறுக்கிற எதுவும் தவறுதான்.

பெரிய தவறு, புத்தகத் தேர்வு. ஆசிரியருக்குப் பிடித்த பழைய செவ்வியல் நாவலை எட்டாம் வகுப்புப் பிள்ளை கையில் கொடுத்தால் பக்கத்துக்கு ஐம்பது தெரியாத சொல் வரும். ஹூ, நேஷன் என்ற இருவர் 2000-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு கதையின் சில சொற்களை நீக்கி அந்த இடத்தில் பொருளற்ற போலிச் சொற்களை வைத்துப் படிக்கச் சொன்னார்கள். 80 சதவீதச் சொற்கள் மட்டும் தெரிந்த நிலையில் ஒருவருக்கும் கதை போதுமான அளவு புரியவில்லை. துணையில்லாமல் படிக்க 98 சதவீதம் வரை தெரிய வேண்டியிருந்தது, அதாவது 250 சொல் உள்ள பக்கத்தில் தெரியாதது ஐந்துக்குள். ஒரு பக்கத்தைப் படிக்கச் சொல்லி, தெரியாத சொல்லுக்கு விரலை மடக்கச் சொல்லுங்கள். ஒரு கை தாண்டினால் வேறு புத்தகம்.

எளிமைப்படுத்திய பதிப்பு என்றால் சிலருக்கு இளக்காரம். 1920களில் டாக்காவில் பணியாற்றிய மைக்கேல் வெஸ்ட், வங்காள மாணவர்களுக்காக அரிய சொற்களை எடுத்துவிட்டுப் புழக்கத்தில் உள்ளவற்றைப் போட்டு, புதுச் சொற்களை இடைவெளி விட்டுத் தூவித்தான் வாசிப்பு நூல்களை உருவாக்கினார். நம் துணைக்கண்டத்துப் பிள்ளைகளுக்காகச் செய்ததையே நாம் மட்டமாக நினைப்பது வேடிக்கை.

அடுத்து, வரிக்கு வரி தமிழில் சொல்வது. பனிப்பொழிவு, கணப்பு அடுப்பு மாதிரி பிள்ளை பார்த்திராத சூழலைக் கதை தொடங்கும் முன் தமிழில் விளக்குவது நல்லதுதான். ஆனால் ஒவ்வொரு வரிக்கும் தமிழ் வரும் என்று தெரிந்தபின் ஆங்கில வரியை யார் கவனிப்பார்கள்? ஆளுக்கொரு பத்தி உரக்கப் படிக்க வைப்பதும் இப்படித்தான், தன் முறை எப்போது வரும் என்று எண்ணிக்கொண்டிருக்கிற பிள்ளைக்குக் கதை எங்கே ஏறும்.

கதாநாயகன் ஆற்றில் விழுந்த இடத்தில் நிறுத்தி, அந்த வசனத்தை இன்டைரக்ட் ஸ்பீச்சுக்கு மாற்றச் சொல்லாதீர்கள்! இலக்கணத்தை இரண்டாவது வாசிப்பில் வைத்துக்கொள்ளலாம். முடிந்ததும் நீதி என்ன என்று கேட்பதையும் விட்டுவிடுங்கள், 'இவன் செய்தது சரியா?' என்று கேளுங்கள். சண்டை வரும். முதல் பதில் தமிழில் வந்தாலும் பரவாயில்லை, அப்புறம் அதையே ஆங்கிலத்தில் சொல்ல வைக்கலாம்.

இதெல்லாம் கிராமத்துப் பள்ளியில் நடக்குமா என்பார்கள். ஃபிஜித் தீவின் கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் நாலு, ஐந்தாம் வகுப்புகளுக்கு 250 ஆங்கிலக் கதைப் புத்தகங்கள் கொடுத்துப் பார்த்தார்கள் எல்லி, மங்குபாய் என்ற இரு ஆய்வாளர்கள். 1983-இல் அவர்கள் வெளியிட்ட முடிவின்படி, அந்தப் பிள்ளைகள் வாசிப்பில் மற்றவர்களைவிட ஏறக்குறைய இரு மடங்கு வேகத்தில் முன்னேறினார்கள். அத்தனை புத்தகம் கிடைக்காவிட்டால் பத்துப் பதினைந்து மெல்லிய புத்தகங்களோடு தொடங்குங்கள், ஆனால் வகுப்பு முழுக்க ஒரே புத்தகம் வேண்டாம், பிடிக்காததைப் பாதியில் வைத்துவிட்டு வேறொன்றை எடுக்கவும் விடுங்கள்.