ராக்கெட் விட்டவர்கள் எல்லாம் நல்லவர்களா? வேற்றுக்கிரகக் கதைகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2017 ஜனவரி 28 அதிகாலை எண்ணூர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கடலில் கொட்டியது. கரை ஒதுங்கிய கறுப்புக் கூழை ஆட்கள் பக்கெட்டில் அள்ளினார்கள். பதினெட்டே நாளில், பிப்ரவரி 15 அன்று, பழவேற்காடு ஏரிக்கு அந்தப் பக்கம் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஒரே ராக்கெட்டில் 104 செயற்கைக்கோள்கள் மேலே போயின. அதே கடற்கரை, ஏறக்குறைய அதே மாதம். வேற்றுக்கிரகக் கதை எழுதுகிறவர்கள், கருவி வளர்ந்தால் குணமும் வளர்ந்துவிடும் என்று நினைத்து, பெரும்பாலும் ராக்கெட்டை மட்டும் எடுத்துக்கொண்டு பக்கெட்டை விட்டுவிடுகிறார்கள். மற்ற சறுக்கல்கள் பலவும் இதிலிருந்துதான் கிளம்புகின்றன.

பாதிக் குழப்பம் ‘நாகரிகம்’ என்ற சொல்லிலேயே இருக்கிறது. இன்று அதைச் சொன்னால் கட்டடம், இயந்திரம், விண்கலம் எல்லாம் சேர்ந்து வருகிறது. வள்ளுவர் 580ஆம் குறளில் ‘நயத்தக்க நாகரிகம்’ என்று சொல்வது கண்ணோட்டத்தை, அதாவது பழகியவர் முகம் வாடப் பொறுக்காத குணத்தை. இந்த இரண்டு பொருளையும் ஒரே சொல்லுக்குள் போட்டுவைத்திருப்பதால், ‘நம்மைவிடப் பத்தாயிரம் ஆண்டு முன்னேறிய நாகரிகம்’ என்று எழுதியதுமே வந்தவர்கள் கருணையாளர்களாகவும் ஆகிவிடுகிறார்கள். வரைவில் அந்தச் சொல் வரும் இடத்தில் எல்லாம் ‘கருவி’ அல்லது ‘நடத்தை’ என்று மாற்றிப் போட்டுப் பாருங்கள். எந்த வாக்கியம் நொண்டுகிறதோ அங்கே நீங்கள் யோசிக்காமல் தாண்டியிருக்கிறீர்கள்.

சோவியத் வானியலாளர் கர்தாஷேவ் வேற்றுக்கிரகச் சமூகங்களை வகைப்படுத்தப் போட்ட அளவுகோலையும் இப்படித்தான் ஒழுக்க ஏணியாக்குகிறார்கள். 1964இல் வந்த அந்த அளவுகோல் அளப்பது ஆற்றலை மட்டும்: முதல் வகைக்கு ஒரு கோளின் அளவு, இரண்டாம் வகைக்கு ஒரு விண்மீனின் அளவு, மூன்றாம் வகைக்கு ஒரு விண்மீன் மண்டலத்தின் அளவு. கரன்ட் யார் வீட்டுக்குப் போகிறது, சாம்பல் யார் வீட்டுப் பக்கம் விழுகிறது என்ற கணக்கு அதில் கிடையாது. வட சென்னை அனல்மின் நிலையத்தின் பக்கத்தில் இருக்கும் அத்திப்பட்டுக்காரருக்கு இதை விளக்கவே வேண்டாம்.

கொஞ்சம் கனமான வாதம் ஒன்று உண்டு. அமெரிக்க வானியலாளர் கார்ல் சேகன் போன்றவர்கள் முன்வைத்தது. தன்னையே அழிக்கும் ஆயுதம் கைக்கு வந்த பிறகும் பிழைத்திருக்கும் சமூகம், சண்டையை விடக் கற்றிருக்க வேண்டும். ஆகவே நெடுநாள் வாழ்ந்தவர்கள் அமைதியானவர்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இந்தச் சல்லடை வடிகட்டுவது ஒன்றைத்தான்: தங்களுக்குள் அடித்துக்கொண்டு அழிந்தவர்களை. எதிர்த்துப் பேச ஒருவரையும் விட்டுவைக்காத கொடுங்கோலும் உள்ளே அமைதியாகத்தான் இருக்கும், அதுவும் சல்லடையில் தங்கிவிடும். எனவே உங்கள் அயலார் எப்படிப் பிழைத்தார்கள் என்பதை ஒரே வரியில் எழுதிவையுங்கள். பேசித் தீர்த்தார்களா, ஒரு தரப்பு மற்றதை முடித்துவிட்டதா? கதையில் அது வெளியே வராவிட்டாலும் பூமிக்காரரிடம் அவர்கள் பேசும் தொனி அதிலிருந்துதான் வரும்.

எதிர்ப்பக்கத் தவறு, வந்தவர்கள் எல்லாரும் கொள்ளையர் என்பது. குறிப்பாக, நம் தண்ணீரைத் திருட வருகிற கூட்டம். கணக்குப் போட்டால் இது நிற்காது. ஒரு கிலோ எடையை ஒளி வேகத்தில் பத்தில் ஒரு பங்குக்குக் கொண்டுபோகச் சுமார் 12.5 கோடி யூனிட் மின்சாரம் வேண்டும். 1,000 மெகாவாட் அனல்மின் நிலையம் முழுத் திறனில் ஐந்து நாளுக்கு மேல் ஓடினால்தான் அவ்வளவு கிடைக்கும், அதுவும் துளி இழப்பில்லாமல். 10,000 டன் கப்பல் என்றால் அதே நிலையம் ஏறக்குறைய 1.4 லட்சம் ஆண்டு ஓட வேண்டும். வந்து நிற்கப் பிரேக் போடுவதற்கு இன்னொரு பங்கு. மீஞ்சூர் பக்கம் 2010 முதல் நாளுக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் திறனுள்ள ஆலை இருக்கிறது. நமக்கே அது முடியும்போது, விண்மீன்களைத் தாண்டுகிறவர்கள் வழியில் கிடக்கும் வால்நட்சத்திரப் பனியை விட்டுவிட்டு இங்கே குடத்தோடு வரிசையில் நிற்பார்களா?

கெட்டவர்கள்தான் வேண்டுமென்றால் பேராசையை விடப் பயம் நல்ல காரணம். 50 ஒளியாண்டு தூரத்தில் இருப்பவரிடம் ‘நீங்கள் யார்’ என்று கேட்டால் பதில் வர 100 ஆண்டு. அதற்குள் இரு பக்கமும் ஆயுதம் மாறியிருக்கும், ஆட்சி மாறியிருக்கும். நம்பிக்கை வளர நேரமே இல்லாத இந்தத் தாமதம், நல்லவர்களைக்கூட முதலில் சுட வைக்கலாம்.

ஆயுதத்தை வைத்துக் குணத்தை எழுதுவது இன்னொரு வழுக்கல். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டது ஜெர்மனியின் எம்டன் போர்க்கப்பல். ‘அவன் பெரிய எம்டன்’ என்று இன்றும் வாயில் வருகிறது. அதே கப்பலின் கேப்டன் முல்லர், தான் பிடித்த சரக்குக் கப்பல்களின் மாலுமிகளை இறக்கிப் பத்திரமாக அனுப்பிவைத்தவர் என்று எதிரி நாட்டுப் பத்திரிகைகளிலேயே பெயர் வாங்கினார். பீரங்கியின் அளவைச் சொன்னால் பயம்தான் தெரியும், ஆள் யாரென்று தெரியாது. சுடுவதற்கு முன்னால் என்ன செய்தார் என்பதை எழுத வேண்டும்.

கோள் முழுக்க ஒரே குணம் என்பது சோம்பேறித்தனம். ராயபுரத்துக்கும் பெரம்பூருக்குமே பேச்சு மாறுகிறது.

அறம் தானாக மலர்ந்ததாக எழுதுவதைத்தான் முக்கியமாகத் திருத்த வேண்டும். ‘காலப்போக்கில் அவர்கள் அடிமைமுறையைக் கைவிட்டார்கள்’ என்ற வரியில் கைவிட வைத்தவர் யார்? பெரம்பூரில் பக்கிங்ஹாம் துணி ஆலை 1870களில் வந்துவிட்டது. அங்கே வேலை செய்தவர்களை வைத்து சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியது 1918 ஏப்ரலில், பி.பி. வாடியா தலைவராக, திரு.வி.க. துணைத்தலைவராக. தறிக்கும் சங்கத்துக்கும் இடையே நாற்பது ஆண்டுக்கு மேல். அந்த இடைவெளியை எந்த இயந்திரமும் நிரப்பவில்லை. கூட்டம் போட்டவர்களும் வேலைநிறுத்தத்தில் கூலி இழந்தவர்களும் நிரப்பினார்கள். உங்கள் கோளிலும் புதுக் கருவிக்கும் அதைக் கட்டுப்படுத்தும் விதிக்கும் நடுவே குறைந்தது ஒரு தலைமுறை விடுங்கள். அந்தத் தலைமுறையில் யாராவது ஒருவர் தோற்றிருக்க வேண்டும்.

உடலமைப்பை மறந்து அறத்தை எழுதுவதும் நடக்கிறது. காசிமேட்டில் கூடையில் கிடக்கும் சேற்று நண்டு ஒரே தடவையில் பல லட்சம் முட்டை சுமக்கும், பிழைப்பது சொற்பம். அப்படிப் பெருகும் இனத்துக்கு அறிவு வந்தால் குழந்தைச் சாவு பற்றி அது என்ன நினைக்கும்? ஆயுள், பிள்ளைகளின் எண்ணிக்கை, யார் வளர்ப்பது, இந்த மூன்றையும் முடிவு செய்துவிட்டுப் பிறகு சட்டம் எழுதுங்கள்.

முதல் வரைவு முடிந்ததும் கதையில் உள்ள பெரிய கருவி ஒன்றை எடுத்து நான்கு கேள்வி கேளுங்கள்: யார் செய்கிறார், யார் பயன்படுத்துகிறார், கழிவு எங்கே போகிறது, யாருக்கு ‘வேண்டாம்’ என்று சொல்லும் உரிமை இருக்கிறது. மூன்றாவதில்தான் பேனா நிற்கும். அப்போது கேப்டனின் உரையை ஒதுக்கிவைத்துவிட்டு, கப்பலின் கழிவுத் தொட்டியைக் கழுவுகிறவருக்கு ஒரு வசனம் கொடுங்கள். அவர் கேப்டனை அண்ணே என்று கூப்பிடுகிறாரா, ஐயா என்றா, பெயர் சொல்லியா, இல்லை கேப்டன் எதிரே வந்தால் சுவரோடு ஒதுங்கி நிற்க வேண்டுமா என்பதை முடிவு செய்த பிறகு முதல் பக்கத்துக்குத் திரும்புங்கள்.