சேலத்தில் பெண்களுக்காக வழக்காட வரும் இளம் வழக்குரைஞருக்கு

பார் கவுன்சிலில் பதிவு செய்து, அஸ்தம்பட்டி நீதிமன்ற வளாகத்தில் முதன்முதலாகக் கறுப்பு அங்கியோடு நிற்கும் பெண், பெண்களின் வழக்குகளையே தன் தொழிலாக்கிக்கொள்ள விரும்பினால், சிவில், கிரிமினல் இரண்டையும் நடத்தும் ஒரு சீனியரிடம் சில ஆண்டுகள் இருக்க வேண்டும். வீட்டைவிட்டுத் துரத்தப்பட்ட ஒருத்தியின் வழக்கு ஜீவனாம்சத்தோடு நிற்பதில்லை, நகை, வீடு, குழந்தை என்று வெவ்வேறு நீதிமன்றங்களுக்குப் பிரிந்து செல்லும்.

முதல் சந்திப்பில் அவசரம் கூடவே கூடாது. ஏற்காட்டில் காபித் தோட்ட வேலைக்குப் போகும் பெண், ஒரு நாள் கூலியை விட்டு, 20 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கி வந்திருப்பார். உடன் வந்த அண்ணன்தான் பேசத் தொடங்குவார். அவரை மரியாதையோடு வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, "நீங்க சொல்லுங்கம்மா" என்று அந்தப் பெண்ணிடமே கேளுங்கள். அடிபட்ட தேதி நினைவில்லை என்பார். சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு முன்பா பின்பா, காபிப் பழம் பறிக்கும்போதா என்று கேட்டால் நாள் பிடிபடும். குறுக்கு விசாரணையில் முதலில் தாக்கப்படுவது இந்தத் தேதிகள்தாம்.

பாதுகாப்பும் ஜீவனாம்சமும் கேட்கும் 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டத்தின் 12ஆம் பிரிவு மனுவை, அந்தப் பெண் தற்காலிகமாகத் தங்கியிருக்கும் ஊரின் குற்றவியல் நடுவரிடமே தாக்கல் செய்யலாம்; அதனுடன் 23ஆம் பிரிவில் இடைக்கால உத்தரவும் கேளுங்கள். சொத்து, வருமான விவரப் பிரமாணப் பத்திரத்தை அன்றே இணையுங்கள். 2020இல் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் மனு தாக்கலான நாளிலிருந்தே ஜீவனாம்சம் வழங்கச் சொன்னது. ஆகவே நாம் தாமதிக்கும் ஒவ்வொரு மாதமும் அவருடைய அரிசிப் பணம்.

கட்டணம் தர இயலாதவரைத் திருப்பி அனுப்பாதீர்கள். வருமானம் எதுவாயினும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் வழக்குரைஞர் பட்டியலில் நீங்களும் சேருங்கள்.

சேர்வராயன் மலையில் வாழும் மலையாளிப் பழங்குடிப் பெண்ணின் சொத்து வழக்கில் தனிக் கவனம் வேண்டும். 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம், மத்திய அரசு அறிவிக்கை செய்தாலொழியப் பட்டியல் பழங்குடியினருக்குப் பொருந்தாது. மகளுக்கும் சம பங்கு என்று அதன் 6ஆம் பிரிவை மட்டும் நம்பி எழுதிய மனு முதல் வாய்தாவிலேயே தடுமாறும். பெண்ணை விலக்கும் வழக்காறு (வழிவழியாக வரும் ஊர் வழக்கம்) நிரூபிக்கப்படாதபோது பங்கை மறுக்க முடியாது என 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பே இப்போது நமக்குப் பிடிமானம். ஆகவே ஊர்த்தலைவரான ஊர்க்கவுண்டரின் சொல்லோடு நிறுத்தாமல், அந்த மலையில் நிலம் பெற்ற மகள்கள் இருக்கிறார்களா என்று ஊர் ஊராகத் தேடி, அவர்களின் பட்டா நகலை ஆவணமாகச் சேருங்கள்.