பிரெஞ்சு வண்டி வாங்கலாமா? மதுரைப் பக்கம் பழைய டஸ்டர், க்விட் பார்ப்பவர்களுக்கு

மதுரையில் பழைய கார் பார்க்கப் போகிறவர்களுக்கு பிரெஞ்சுக் கம்பெனியான ரெனோவின் டஸ்டர் விலையைக் கேட்டதும் மனசு சபலப்படும். அதே வருஷத்து, அதே கிலோமீட்டர் ஓடிய ஹூண்டாய் கிரெட்டாவைவிட நன்றாகவே இறங்கியிருக்கும். வீட்டில் வந்து சொன்னால் மாமாவோ மச்சானோ ஒருவர், "பிரெஞ்சு வண்டியா? வேண்டாம்ப்பா, ஸ்பேர் கிடைக்காது, விற்கவும் முடியாது" என்பார். அந்தப் பேச்சில் எது நிஜம், எது ஊர் வாய் என்று பிரித்துப் பார்த்துவிட்டு வண்டியைப் பார்க்கப் போனால் ஏமாற மாட்டீர்கள்.

கெட்ட பேருக்குக் காரணம் உண்டு. 1990-களில் பிரீமியர் கம்பெனியோடு கூட்டு சேர்ந்து, பிரெஞ்சுக் கம்பெனி பெஜோவின் 309 கார் இங்கே வந்தது. சில வருஷத்திலேயே கூட்டு முறிந்தது, வண்டி வாங்கியவர்கள் ஸ்பேருக்கு அலைந்தார்கள். ஆனால் மஹிந்திரா எம்எம் 540, ஆர்மடா ஜீப்புகளில் ஓடிய எக்ஸ்டிபி 4.90 டீசல் இஞ்சினும் பெஜோ வடிவமைத்ததுதான். மாருதி ஜென், எஸ்டீம் டீசலில் இருந்ததும் பெஜோ இஞ்சினே. அவற்றை யாரும் பிரெஞ்சு என்று சொல்லி ஒதுக்கவில்லை, ஏனென்றால் மஹிந்திராவும் மாருதியும் மூலைக்கு மூலை சர்வீஸ் வைத்திருந்தன. ஒரு வண்டியின் பேரைக் காப்பதும் கெடுப்பதும் பெரும்பாலும் இந்தச் சர்வீஸ்தான். பிரெஞ்சு வண்டி வாங்கினால் அந்த வேலையில் பாதியை நீங்களே கவனித்துக்கொள்ள வேண்டும்.

முதலில் பானட்டுக்குள் என்ன இஞ்சின் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். 2012 ஜூலையில் வந்த டஸ்டர் டீசலில் இருப்பது ரெனோவின் 1.5 லிட்டர் கே9கே. 85 குதிரைத்திறன், 110 குதிரைத்திறன் என்று இரண்டு வகை. இதே குடும்ப இஞ்சின்தான் லாட்ஜி, நிசான் சன்னி, மைக்ரா, டெரானோ டீசல்களிலும், 2007-ல் வந்த லோகனிலும், அது பேர் மாறி வந்த மஹிந்திரா வெரிட்டோவிலும் இருக்கிறது. ஐரோப்பாவில் மெர்சிடிஸ் ஏ-கிளாஸிலும் போட்டார்கள். டாக்ஸிக்கு ஓடிய லோகனும் வெரிட்டோவும் நிறைய இருப்பதால், இந்த இஞ்சினைப் பிரித்துக் கோர்த்த கை மதுரையில் கட்டாயம் கிடைக்கும். ஷோரூமுக்கு வெளியே மெக்கானிக் தேடும்போது "டஸ்டர் பார்ப்பீங்களா" என்று கேட்பதைவிட "வெரிட்டோ டைமிங் மாத்தியிருக்கீங்களா" என்று கேட்டால் சரியான ஆளிடம் போய்ச் சேரலாம்.

இந்த டீசலின் உயிர் டைமிங் பெல்ட்டில் இருக்கிறது. செயின் கிடையாது, ரப்பர் பெல்ட். அது அறுந்தால் வால்வு பிஸ்டனில் மோதி ஹெட் வேலை வந்துவிடும். 80,000 கிலோமீட்டர் அல்லது 5 வருஷம், எது முதலில் வருகிறதோ அப்போது மாற்றிவிடுவதே பாதுகாப்பு. 40,000 தான் ஓடியிருக்கிறது, ஆனால் 8 வருஷ வண்டி என்றாலும் மாற்றத்தான் வேண்டும். மதுரை வெயிலில் இஞ்சின் அறைக்குள்ளேயே கிடந்த ரப்பருக்கு வயசு ஒரு கணக்கு, கிலோமீட்டர் வேறு கணக்கு. பில் இல்லாமல் வாய்வார்த்தையாக "மாத்தியாச்சு சார்" என்று சொன்னால், மாற்றவில்லை என்றே எடுத்துக்கொண்டு அந்தச் செலவை விலையில் கழியுங்கள்.

மாற்றும்போது பெல்ட்டை மட்டும் வாங்கிக் கொடுக்காதீர்கள். டைமிங் பெல்ட், அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர், வாட்டர் பம்ப், வெளியே ஆல்டர்னேட்டரையும் ஏசி கம்ப்ரஸரையும் சுற்றும் ஆக்ஸஸரி பெல்ட், அதன் டென்ஷனர், கிராங்க் புல்லியின் புது போல்ட் எல்லாம் ஒரே தடவையில் வரவேண்டும். வாட்டர் பம்ப்பைச் சுற்றுவதும் இதே டைமிங் பெல்ட்தான். பழைய பம்ப் ஆறு மாசம் கழித்து ஒழுகினால் அதே கூலியை மறுபடி கொடுக்க வேண்டிவரும். ஆக்ஸஸரி பெல்ட்டை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறோம் என்றால், அது ஓரம் பிய்ந்து நூல் நூலாகக் கிளம்பும்போது அந்த நூல் கிராங்க் புல்லிக்குப் பின்னால் கவருக்குள் இழுபட்டு, நல்ல டைமிங் பெல்ட்டையே பல் தாவ வைத்துவிடும். முன் வலது சக்கரத்தைத் திருப்பி, உள் கவரை விலக்கி டார்ச் அடித்துப் பாருங்கள். பெல்ட் ஓரத்தில் முடி போல நார் நீட்டிக்கொண்டிருந்தால் அன்றைக்கே மாற்றவேண்டும்.

வேலை நடக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். கிராங்க் ஷாஃப்ட்டையும் கேம் ஷாஃப்ட்டையும் நகராதபடி லாக்கிங் பின் செருகிப் பூட்டித்தான் பெல்ட் கழற்ற வேண்டும். வெள்ளை பெயின்ட்டில் குறி வைத்துக் கழற்றுகிற ஆள் என்றால் வண்டியைத் திருப்பி எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். மாட்டியபின் ஸ்பேனர் போட்டுக் கையாலேயே கிராங்கை இரண்டு முழுச் சுற்று சுற்றி, பின்கள் மறுபடி ஓட்டையில் சரியாக உட்காருகிறதா என்று பார்க்கவேண்டும். அதற்குப் பிறகுதான் சாவி.

பெட்ரோல் டஸ்டரில் ஒரு வித்தியாசம் உண்டு. ஆரம்பத்தில் வந்த 1.6 லிட்டருக்கும் பெல்ட். 2017-ல் வந்த 1.5 லிட்டருக்கும், 2020-ல் வந்த 1.3 டர்போவுக்கும் செயின். ஆகவே பெட்ரோல் என்றால் எந்த வருஷத்து வண்டி என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

டீசல் வண்டியில் அடுத்து பாக்கெட்டைக் காலி செய்வது எரிபொருள் பக்கம். கே9கே-யில் டெல்ஃபி பம்ப் உள்ளவை சுத்தமான டீசல் கேட்கும். தண்ணீர் கலந்தாலோ, டேங்க் காய்ந்து பம்ப் காற்றை இழுத்தாலோ உள்ளே உலோகம் தேய்ந்து, அந்தத் தூள் ரெயில் என்கிற பொதுக் குழாய் வழியாக நான்கு இன்ஜெக்டருக்கும் போய்விடும். வாங்குமுன் ஒரு சோதனை செய்யுங்கள், மெக்கானிக்குக் கால் மணி நேர வேலை. டீசல் ஃபில்ட்டரைக் கழற்றி, உள்ளே இருக்கிற டீசலை ஒரு கண்ணாடி டம்ளரில் ஊற்றி வெயிலில் காட்டுங்கள். அடியில் வெள்ளிப் பொடி போல மினுமினுப்பு தெரிந்தால் அந்த வண்டி வேண்டாம். பம்ப், ரெயில், இன்ஜெக்டர், டேங்க் கழுவுவது என்று செலவு இழுத்துக்கொண்டே போகும். அடியில் தனியாக ஒரு அடுக்கு தண்ணீர் நின்றால் பேரம் பேசலாம், ஆனால் ஸ்கேனர் போட்டு, ஈசியூ (இஞ்சினை நடத்தும் கம்ப்யூட்டர்) ஒவ்வொன்றுக்கும் டீசல் அளவை எவ்வளவு திருத்துகிறது என்று காட்டும் இன்ஜெக்டர் கரெக்‌ஷன் பார்த்த பிறகுதான்.

வண்டி கைக்கு வந்தபின் ஃபில்ட்டரை 20,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றுங்கள். கூட்டம் வந்து போகிற பங்க்கிலேயே டீசல் பிடியுங்கள். எப்போதாவது டேங்க் காலியாகி நின்றுவிட்டால் செல்ஃப் அடித்துக்கொண்டே இருக்கக்கூடாது. பானட்டுக்குள் டீசல் குழாயில் கையால் அமுக்கும் ரப்பர் பல்பு இருக்கும். கெட்டியாகும்வரை அதை அமுக்கிவிட்டுத்தான் ஸ்டார்ட் பண்ண வேண்டும். இன்ஜெக்டர் மாற்ற நேர்ந்தால், அதன் தலையில் பொறித்திருக்கும் குறியீட்டு எண்ணை ஸ்கேனர் வழியாக ஈசியூவில் எழுதவேண்டும். எழுதாமல் விட்டால் புது இன்ஜெக்டர் போட்டும் டக்டக்கென்று தட்டும், புகை விடும். எழுதத் தெரியாத பட்டறையில் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.

ஆயில் விஷயத்தில் சிக்கனம் கூடாது. ஐரோப்பாவில் இந்த இஞ்சினின் ஆரம்ப காலத்து வண்டிகளில் 30,000 கிலோமீட்டர் வரை ஆயில் மாற்றாமல் ஓட்டி, கனெக்டிங் ராட் பேரிங் போன கதை நிறைய. டர்போ போவதும் பெரும்பாலும் கெட்டுப்போன ஆயிலால்தான். 10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருஷம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிஎஸ்4 புகை விதிப்படி வந்த டஸ்டருக்கு 5டபிள்யூ-40 சிந்தெடிக், ஃபில்ட்டரோடு சேர்த்து சுமார் நாலரை லிட்டர் பிடிக்கும். நாலு லிட்டர் ஊற்றிவிட்டு டிப் ஸ்டிக் பார்த்துப் பார்த்து மீதியை ஊற்றுவது நல்லது. மேலூர், கொட்டாம்பட்டி குவாரிப் பக்கம் தினமும் போய்வருகிற வண்டி என்றால் ஏர் ஃபில்ட்டரையும் அதே 10,000-த்தில் மாற்றிவிடுங்கள்.

ரேடியேட்டரில் போர் தண்ணீர் ஊற்றுவது நம் ஊரில் பரவலான பழக்கம். உப்புத் தண்ணீர் அலுமினியத்தில் படிந்து வாட்டர் பம்ப்பையும் ஹீட்டர் கோரையும் அடைக்கும், பிளாஸ்டிக் தெர்மோஸ்டாட் ஹவுசிங் கசிய ஆரம்பிக்கும். இஞ்சின் ஆறியிருக்கும்போது கூலன்ட் டப்பா மூடியைத் திறந்து பாருங்கள். துருப்பிடித்த நிறமோ மூடியின் உள்பக்கம் வெள்ளை உப்போ தெரிந்தால் முந்தைய ஓனர் எப்படி வைத்திருந்தார் என்பது புரிந்துவிடும். வாங்கியதும் முழுக்கக் கழுவி, கூலன்ட்டும் டீமினரலைஸ்டு தண்ணீரும் சரிபாதி கலந்து ஊற்றி, காற்று எடுத்துவிடுங்கள்.

ஓட்டிப் பார்க்கும்போது முதல் ஸ்டார்ட் உங்கள் முன்னால் நடக்கவேண்டும். போனில் சொல்லிவிட்டுப் போனால் ஏற்கெனவே சூடாக்கி வைத்திருப்பார்கள். பானட்டில் கை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் சாவி கேளுங்கள். அப்புறம் மாசி வீதிப் பக்கம் நெரிசலில் பத்து நிமிஷம். கிளட்ச் மிதி கனத்து, கியர் மாற்றும்போது உரசினால் கியர்பாக்ஸ் கூட்டுக்குள்ளே இருந்து கிளட்சைத் தள்ளும் ஸ்லேவ் சிலிண்டரும் சேர்ந்து வேலை கேட்கும். அதற்குக் கியர்பாக்ஸை இறக்க வேண்டும், எனவே கிளட்ச் செட்டையும் அப்போதே மாற்றுவதுதான் கணக்கு. பிறகு திருமங்கலம் நாலு வழிச் சாலையில் மூன்றாவது கியரில் முழு ஆக்ஸிலேட்டர் கொடுங்கள். 110 குதிரைத்திறன் வண்டி 2,000 ஆர்பிஎம்முக்குக் கீழே சோம்பலாகத்தான் இருக்கும், அது குறை அல்ல. அதற்கு மேலும் எழும்பாமல் கறுப்புப் புகை விட்டால் டர்போ குழாய் பிளந்திருக்கலாம், புகையில் கொஞ்சத்தை இஞ்சினுக்குள் திருப்பி விடும் ஈஜிஆர் வால்வு கரி பிடித்திருக்கலாம், டர்போவே போயிருக்கலாம். முதலிரண்டும் சின்னச் செலவு. எது என்று உறுதியாகத் தெரிந்தபின் விலை பேசுங்கள்.

சஸ்பென்ஷன்தான் இந்த வண்டியின் பெருமை. சிறுமலை ஏறி இறங்கினாலும், குண்டும் குழியுமான கிராமத்து ரோட்டில் போனாலும் உள்ளே உட்கார்ந்தவருக்கு இடுப்பு வலிக்காது. முன்பக்கம் லொடலொட சத்தம் வந்தால் பெரும்பாலும் ஸ்டெபிலைசர் லிங்க் ராடும் லோயர் ஆர்ம் புஷ்ஷும்தான். பயந்து வண்டியை விட்டுவிடாதீர்கள்.

ரெனோவின் க்விட், டிரைபர், கைகர் பெட்ரோல்களில் டைமிங் செயின்தான், பெல்ட் கவலை இல்லை. 2016-ல் க்விட் 800-க்கு எரிபொருள் குழாய் தொடர்பாக ரீகால் அறிவித்தார்கள். அந்தக் காலத்து வண்டி என்றால் சேஸிஸ் நம்பரைச் சொல்லி அந்த வேலை முடிந்ததா என்று சர்வீஸ் சென்டரில் கேளுங்கள். கிளட்ச் மிதி இல்லாமல் தானே கியர் மாற்றும் ஏஎம்டி வண்டியைக் கட்டாயம் ஏற்றத்தில் நிறுத்தி எடுத்துப் பாருங்கள், உதறலோ கியர் விழாமல் நியூட்ரலில் நிற்பதோ இருந்தால் தவிர்த்துவிடுங்கள். குடும்பத்தோடு நீண்ட தூரம் போகிறவர்களுக்கு எங்கள் சிபாரிசு பழைய க்விட் அல்ல. 2016-ல் விபத்துப் பாதுகாப்பைச் சோதிக்கும் குளோபல் என்கேப் அமைப்பு சோதித்த முதல் க்விட்கள் ஒரு ஸ்டாரும் வாங்கவில்லை, டிரைபர் 2021-ல் நாலு ஸ்டார் வாங்கியது.

இன்னொரு பிரெஞ்சுக் கம்பெனியான சிட்ரோயன் பற்றி யூடியூபில் பார்த்துப் பயப்படுகிறவர்கள் அதிகம். ஐரோப்பாவில் 1.2 பியூர்டெக் இஞ்சினில் ஆயிலுக்குள்ளேயே ஓடும் டைமிங் பெல்ட் கரைந்து, அந்தத் துகள் ஆயில் சல்லடையை அடைத்து, பிரஷர் போய் இஞ்சின் கெட்டது உண்மை. இங்கே சி3, பசால்ட் பார்க்கிறவர்கள் சேஸிஸ் நம்பரைக் கொடுத்து, இந்த இஞ்சினுக்குப் பெல்ட்டா செயினா, மாற்றும் காலம் என்ன என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டிலிருந்து சர்வீஸ் சென்டர் எத்தனை கிலோமீட்டர் என்பதையும் அதே நாளில் விசாரித்துவிடுங்கள். விபத்தில் பம்பர், ஹெட்லைட் போனால் அங்கேதான் காத்திருக்க வேண்டிவரும்.

ஸ்பேர் வாங்கும்போது பழைய பாகத்தைக் கையில் எடுத்துப் போங்கள், அதில் அச்சிட்ட பார்ட் நம்பரைப் போட்டோ எடுத்து வையுங்கள். கே9கே-யின் பல பாகங்கள் நிசான், மஹிந்திரா கவுன்ட்டரிலும் கிடைக்கும், விலையும் இடத்துக்கு இடம் மாறும். இஞ்சின் பாகத்துக்குத் தட்டுப்பாடு குறைவு. பாடி பாகம், சென்சார், ஸ்விட்ச், இன்டீரியர் பிளாஸ்டிக் இவற்றுக்குத்தான் நாள் ஆகும்.

கடைசியாக ஆர்.சி.யைப் பாருங்கள். டிஎன் 58, 59, 64 என்று மதுரைப் பதிவாக இருந்தால் நேராக விசாரிக்கலாம். ரொம்ப மலிவாக வரும் டீசல் டஸ்டர்களில் சில டெல்லி வண்டி. அங்கே 10 வருஷத்துக்கு மேற்பட்ட டீசல் வண்டிகளுக்குக் கட்டுப்பாடு வந்ததால் தள்ளிவிட்டவை. அப்படி ஒன்று என்றால் அந்த ஊர் ஆர்டிஓவின் என்ஓசி (ஆட்சேபணை இல்லை என்ற சான்று), லோன் முடிந்ததற்கான படிவம் 35, தமிழ்நாட்டு லைஃப் டேக்ஸ் எவ்வளவு வரும் என்ற கணக்கு, இந்த மூன்றும் கைக்கு வராமல் முன்பணம் கொடுக்காதீர்கள். டேக்ஸைக் கூட்டிப் பார்த்தால் பல நேரம் மதுரை வண்டியின் விலைக்கே வந்து நிற்கும்.