டம்ளர் கணக்கை கிராமுக்கு மாற்ற

மும்பை மாட்டுங்கா கடையில் அரிசி, பருப்பு எல்லாம் கிலோ கணக்கு. அம்மா சொன்ன பக்குவமோ டம்ளர் கணக்கு. முதலில் உங்கள் டம்ளரின் கொள்ளளவைக் கண்டுபிடியுங்கள். காலி டம்ளரைத் தராசில் வைத்து பூஜ்யமாக்கி, விளிம்பு வரை தண்ணீர் ஊற்றுங்கள். எத்தனை கிராமோ, கிட்டத்தட்ட அத்தனை மில்லி.

அந்த எண்ணை அரிசி, உளுந்து, சர்க்கரைக்கு 0.83ஆலும், ரவைக்கு 0.7ஆலும், மைதாவுக்கு 0.5ஆலும், எண்ணெய்க்கு 0.92ஆலும் பெருக்கினால் எடை வந்துவிடும். 240 மில்லி கப்பில் அரிசி சுமார் 200 கிராம், மைதா 120 கிராம்.

அரிசியும் உளுந்தும் ஏறக்குறைய ஒரே கனம். அதனால் நாலுக்கு ஒன்று இட்லிக்கு 1 கிலோ அரிசிக்கு கால் கிலோ உளுந்து என்றே வாங்கலாம், கப்பே வேண்டாம்.

தகராறு மைதா மாவில்தான். டப்பாவுக்குள் கப்பை விட்டு அள்ளினால் மாவு அமுங்கி, அதே கப்பில் 150 கிராம் வரை ஏறிவிடும். கேக் வறண்டு போவது பெரும்பாலும் இதனால்தான். மாவைக் கிளறிவிட்டு, ஸ்பூனால் கப்பில் போட்டு, கத்தி முதுகால் வழித்துவிடுங்கள். தட்டவே கூடாது.

உப்பை மட்டும் எடை போட்டே மாற்றுங்கள். கல் உப்பில் இடைவெளி அதிகம், தூள் உப்புக்கு ஸ்பூன் அளவு குறையும்.